கடல் கடந்து வந்த அம்மா



இந்த ஆண்டு ஒன்றுகூடல் மலரில் அன்னையரைப் பற்றிச் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம், நீயும் ஏதாவது எழுதித் தா என்று மலர்க்குழு நண்பர் போனில் கேட்டார். கான்கிரீட் கலவை விகிதம் கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவேன். கட்டுரை என்றால் கை ஓடவில்லை. அதிலும் என் சொந்த அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதல் பாராவிலேயே நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றி எழுத வேண்டிவரும். அது என்ன பொய் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் வேறொரு அம்மாவை உங்களுக்கு அறிமுகப்படுத்த ஆசை. அவர் இறந்து 1,600 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

புனித மோனிக்கம்மாள்! கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்குப் பழக்கமான பெயர். ஆகஸ்ட் 27 அவருடைய திருநாள். மறுநாள் 28 அவருடைய மகன் புனித அகுஸ்தினாரின் திருநாள். மற்ற நண்பர்களுக்கு அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள சாந்தா மோனிக்கா நகரம் தெரிந்திருக்கலாம். அந்த நகரத்தின் பெயர் இந்த அம்மாவின் பெயர்தான்.

எங்கள் ஊர்க் கோயிலில் அவரைப் பற்றிப் பிரசங்கம் என்றால் அழுகையைப் பற்றித்தான் இருக்கும். வழிதவறிப்போன மகனுக்காகப் பல வருஷம் அழுது ஜெபித்த தாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இறுதியாண்டில் நம் கல்லூரி நூலகத்திலிருந்து அகுஸ்தினார் எழுதிய தன்வரலாற்று நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்துப் படித்தேன் (தாமதமாகத் திருப்பிக் கொடுத்துத் தண்டமும் கட்டினேன்!). அதில் கண்ட மோனிக்கம்மாள் வேறு மாதிரி இருந்தார். அழுதார், உண்மை. ஆனால் அழுதுகொண்டே உட்கார்ந்துவிடவில்லை. தப்புச் செய்தார், கற்றுக்கொண்டார், கடைசியில் தன் பிடியையே விட்டார். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஒரு வசவு செய்த நன்மை

மோனிக்கம்மாள் பிறந்தது ஏறத்தாழ கி.பி. 331-32இல். ஊர் தகாஸ்தே. இன்றைக்கு அல்ஜீரியா நாட்டில் சூக் அராஸ் என்று அழைக்கப்படுகிற ஊர். அப்போது ரோமப் பேரரசின் ஆட்சி. ஆப்பிரிக்கத் திருச்சபை இரண்டாகப் பிளந்து கிடந்த காலம். அந்த ஊரே முன்பு தொனாத்து பிரிவினர் பக்கம் இருந்து, பேரரசின் சட்டங்களுக்குப் பயந்து கத்தோலிக்கப் பக்கம் திரும்பிய ஊர்தான்.

கிறிஸ்தவக் குடும்பம். பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டது ஒரு வயதான வேலைக்காரப் பாட்டி. மோனிக்காவின் அப்பா குழந்தையாய் இருந்தபோது அவரை முதுகில் தூக்கி வளர்த்தவர். மகா கண்டிப்பு. சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரத்தில் பெண் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கூடத் தரமாட்டார். இப்போது தண்ணீர், நாளைக்குக் கல்யாணமாகிச் சாவி கையில் வந்தால் திராட்சை ரசம் என்பது பாட்டியின் வாதம்.

அவ்வளவு கண்டிப்புக்கு நடுவிலும் தப்பு நடந்தது. பீப்பாயிலிருந்து ரசம் எடுத்துவர மோனிக்காவைத்தான் அனுப்புவார்கள். விளையாட்டாய் ஒரு வாய் வைத்துப் பார்த்தார். ஒரு வாய் இரண்டு வாயாகி, கிண்ணம் நிறையக் குடிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. கூடப்போகும் பணிப்பெண்ணுக்கு மட்டும் விஷயம் தெரியும். ஒரு நாள் இருவருக்கும் சண்டை. பணிப்பெண் குடிகாரி என்று வைதுவிட்டாள். சுருக்கென்று தைத்தது. அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டார்.

புனிதர் வரலாறு என்றால் பிறந்ததிலிருந்தே புனிதம் என்று எழுதுவார்கள். இந்த மகன் அப்படி எழுதவில்லை. வேலைக்காரப் பெண்ணின் வாயிலிருந்து வந்தாலும் உண்மை உண்மைதான் என்று ஏற்றுக்கொள்கிற குணம் சின்ன வயசிலேயே இருந்தது என்று காட்டுகிறார். இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மீண்டும் வரும்.

மாமியார் மெச்சிய மருமகள்

கணவர் பெயர் பத்ரீசியுஸ். நகரசபை உறுப்பினர், ஆனால் பெரிய சொத்து இல்லை. கிறிஸ்தவர் அல்லர். பாசமும் உண்டு, கோபமும் உண்டு, பிற பெண்களின் தொடர்பும் உண்டு. கணவர் கோபத்தில் இருக்கும்போது மோனிக்கம்மாள் வாய் திறக்கமாட்டார். ஆறிய பிறகு, தான் செய்தது ஏன் என்று நிதானமாக விளக்குவார். கணவரிடம் அடிவாங்கி முகம் வீங்கி வந்த பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் நாவை அடக்கச் சொல்லிக் கொடுத்தார். இன்றைய தங்கைகளுக்கு இந்த ஆலோசனை பிடிக்காது, பிடிக்கவும் வேண்டாம். அடிப்பது அடிப்பவனின் குற்றமே. அந்தக் காலத்துச் சட்டத்துக்குள்ளே அவருக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் பொறுமை, அதைக் கூர்மையாக வைத்திருந்தார், அவ்வளவுதான்.

மாமியார் கதை நம் ஊர்க் கதை மாதிரியே இருக்கும். வேலைக்காரிகள் கோள்மூட்டி மாமியாரைத் திருப்பிவிட்டார்கள். மருமகள் எதிர்த்துப் பேசவில்லை, மரியாதையிலும் குறை வைக்கவில்லை. கடைசியில் அந்த மாமியாரே மகனிடம் போய்க் கோள் சொன்னவர்களைக் காட்டிக்கொடுத்து, அவர்களுக்கு அடி வாங்கிக்கொடுத்தார்! அதற்குப் பிறகு வீட்டில் அமைதி. இரண்டு பேர் சண்டையிட்டு, இருவரும் தனித்தனியே வந்து புலம்பினால், சமாதானத்துக்கு உதவுகிற சொல்லை மட்டுமே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோவாராம். அலுவலகத்தில் வேலை பார்க்கிற நண்பர்களுக்கு இது எவ்வளவு அபூர்வமான குணம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பத்ரீசியுஸ் கடைசிக் காலத்தில் ஞானஸ்நானம் பெற்று, சுமார் 371இல் இறந்தார்.

மகனும் பேரனும்

பிள்ளைகள் மூன்று பேர். அகுஸ்தின், நவிஜியுஸ், ஒரு மகள். அகுஸ்தின் பிறந்தது 354 நவம்பர் 13. படிப்பில் புலி, ஆனால் பணம்? பக்கத்து ஊரான மதௌராவில் படித்துக்கொண்டிருந்தவன் பதினாறாம் வயதில் ஒரு வருஷம் வீட்டில் சும்மா இருந்தான். மேல்படிப்புக்கு கார்த்தேஜ் நகருக்கு அனுப்ப அப்பா பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். அனுப்பிவைத்த கொஞ்ச நாளில் அவரும் போய்விட்டார். ஊர்ச் செல்வந்தர் ரொமானியானுஸ் உதவினார். மோனிக்கம்மாளும் விதவையாய் இருந்துகொண்டு மகன் படிப்புக்குப் பணம் அனுப்பினார். கல்விக்கடன் கட்டியவர்களுக்கும், தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய வீடுகளில் பிறந்தவர்களுக்கும் இந்த வரியின் கனம் தெரியும்.

மகன் கார்த்தேஜில் என்ன செய்தான்? கல்யாணம் இல்லாமல் ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்தினான். சுமார் 372இல் ஓர் ஆண் குழந்தை. பெயர் அதெயோதாத்துஸ், இறைவன் தந்தவன் என்று பொருள். நாற்பது வயதிலேயே மோனிக்கம்மாள் பாட்டியாகிவிட்டார், அவர் நினைத்த மாதிரி அல்ல! அது போதாதென்று மகன் மனிக்கேயர் கூட்டத்தில் சேர்ந்துவிட்டான். ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் நிரந்தரப் போர்தான் உலகம் என்பது அவர்கள் போதனை. ஒன்பது வருஷம் அதில் இருந்தான்.

படித்து முடித்து வாத்தியாராக ஊர் திரும்பிய மகனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட மோனிக்கம்மாள் மறுத்துவிட்டார். அந்தச் சமயத்தில்தான் ஒரு கனவு. மரத்தால் ஆன ஓர் அளவுகோலின் மேல் அவர் நிற்கிறார். ஒளி வீசும் இளைஞன் ஒருவன் வந்து, நீ நிற்கும் இடத்திலேயே உன் மகனும் நிற்பான், பார் என்கிறான். (அளவுகோல் என்று படித்ததும் பொறியாளனான எனக்குச் சிரிப்பு வந்தது!) இதைக் கேட்ட மகன், அம்மா ஒரு நாள் என் பக்கம் வருவார் என்றுதான் இதற்கு அர்த்தம் என்று சாமர்த்தியமாய்த் திருப்பினான். அவன் வாதத்திறமையால் ஊரையே மடக்குகிறவன். அம்மா ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. அவன் இருக்குமிடத்தில் நான் என்று சொல்லப்படவில்லை, நான் இருக்குமிடத்தில் அவன் என்றுதான் சொல்லப்பட்டது என்று திருத்தினார். கனவைவிட அந்தப் பதில்தான் மகன் மனசில் நின்றது. அதற்குப் பிறகு மீண்டும் ஒரே வீடு, ஒரே மேசை.

ஓர் ஆயரிடம் போய், என் மகனோடு வாதம் செய்து திருத்துங்கள் என்று கெஞ்சினார். அந்த ஆயரும் சிறு வயதில் மனிக்கேயர்களிடம் வளர்ந்தவர். இப்போது சொன்னால் ஏறாது, அவனே படித்துத் தெளிவான், விட்டுவிடுங்கள் என்றார். அம்மா விடவில்லை, அழுதார். இவ்வளவு கண்ணீர் வீணாய்ப் போகாது என்ற பொருளில் ஏதோ சொல்லி, கொஞ்சம் சலிப்போடுதான் அனுப்பிவைத்தார். அந்தச் சலிப்புச் சொல்லையே வானத்திலிருந்து வந்த வாக்காக மோனிக்கம்மாள் பிடித்துக்கொண்டார்.

துறைமுகத்தில் ஒரு பொய்

383. அகுஸ்தினுக்கு 28 வயது. ரோமாபுரிக்குப் போக முடிவு செய்துவிட்டார். அங்கே மாணவர்கள் ஒழுங்காக இருப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். (போன பிறகுதான் தெரிந்தது, கட்டணம் கட்டும் நேரத்தில் கூட்டமாய் வேறு ஆசிரியரிடம் ஓடிவிடுவார்களாம்!) அம்மா கடற்கரை வரை வந்து, போகாதே, போனால் என்னையும் கூட்டிப்போ என்று பிடித்துக்கொண்டார். நண்பன் ஒருவன் ஊருக்குப் போகிறான், காற்றுக்காகக் கப்பல் காத்திருக்கிறது, அவனை வழியனுப்பத்தான் இருக்கிறேன் என்று மகன் பொய் சொன்னார். கப்பல் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே புனித சிப்ரியான் நினைவுக் கோயில். இரவு அங்கே தங்கச் சொன்னார். அம்மா உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்தார். இரவோடு இரவாகக் கப்பல் கிளம்பிவிட்டது. காலையில் கரையில் நின்று அந்த அம்மா கதறியதை, மகன் பின்னால் எதையும் மறைக்காமல் எழுதிவைத்தார்.

நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் படிப்பு முடித்துக் கப்பல் ஏறினோம், விமானம் ஏறினோம்? கரையில் நின்றவர்கள் யார்?

கரையில் நின்ற மோனிக்கம்மாள் வீட்டுக்குத் திரும்பினார். ஆனால் இரண்டு வருஷத்தில், 385இல், ஐம்பது வயது தாண்டிய அந்த விதவை மத்தியதரைக் கடலைக் கடந்து மகனைத் தேடி வந்துவிட்டார். வழியில் புயல். பயணிகளுக்கு மாலுமிகள் தைரியம் சொல்வதுதான் வழக்கம். இங்கே மாலுமிகளுக்கு இந்த அம்மா தைரியம் சொன்னார். அதற்குள் மகன் இத்தாலியின் வடக்கே மிலான் நகரில் அரசு நியமனம் பெற்ற சொற்கலைப் பேராசிரியர். பெரிய பதவி!

மிலானில் புது மாணவி

அந்நிய ஊர், தனக்குப் பழகிய ஆப்பிரிக்க வழக்கங்கள் அங்கே இல்லை. மறைசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கூழும் அப்பமும் ரசமும் எடுத்துப்போய்ப் படைப்பது ஊர் வழக்கம். மிலானிலும் கூடையோடு போனார். வாயில்காப்பாளர் தடுத்தார். ஆயர் அம்புரோஸ் இதைத் தடை செய்திருக்கிறார் என்று தெரிந்ததும், முணுமுணுக்காமல் கூடையைத் திருப்பி எடுத்துப்போனார். அதற்குப் பிறகு படையல் இல்லை, ஏழைகளுக்குக் கொடுப்பதோடு சரி.

சனிக்கிழமை உபவாசத்தில் இன்னொரு சந்தேகம். ஊரில் உண்டு, மிலானில் இல்லை. எதைப் பின்பற்றுவது? மகன் போய் ஆயரைக் கேட்டு வந்தார். நான் ரோமில் இருந்தால் உபவாசம் இருப்பேன், இங்கே இருந்தால் இருப்பதில்லை, எந்த ஊருக்குப் போகிறாயோ அந்தச் சபையின் வழக்கப்படி நட என்றார் அம்புரோஸ். வேலைக்காகப் புது ஊரில் குடியேறுகிற நமக்கும் இது உதவும்.

386இல் சிறுவன் பேரரசனின் தாயான யுஸ்தினா, ஆரிய பேதகத்தாருக்காக ஒரு கோயிலை விட்டுத்தரச் சொன்னபோது, ஆயரோடு சாகவும் தயாராக மக்கள் கோயிலுக்குள்ளேயே இரவு பகல் விழித்திருந்தார்கள். அவர்களில் முன்னணியில் மோனிக்கம்மாள். மக்கள் சோர்ந்துவிடாமல் இருக்கப் பாட்டுப் பாடும் வழக்கம் அங்கே அப்போதுதான் தொடங்கியது. அம்புரோஸ் எழுதிய பாடல்களை இந்த அம்மா மனப்பாடம் செய்துகொண்டார்.

ஒரு கறை

இனி எழுதப்போவது எனக்குப் பிடிக்காத பகுதி. விட்டுவிட்டால் நேர்மையாகாது.

மகனுக்கு நல்ல இடத்தில் முறையான கல்யாணம் செய்துவைத்துவிட்டால் ஞானஸ்நானமும் நடந்துவிடும் என்று மோனிக்கம்மாள் திட்டம் போட்டார். முன்னின்று பெண் பேசினார். பெண்ணுக்குத் திருமண வயசு வர இன்னும் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். அவ்வளவு சிறுமி! இந்தக் கல்யாணத்துக்குத் தடையாய் இருந்தவள், பதினைந்து வருஷம் போல அகுஸ்தினோடு வாழ்ந்த அந்தப் பெண். அவளை ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி வேறு ஆணை அறியமாட்டேன் என்று சபதம் செய்துவிட்டு, பெற்ற மகனையும் விட்டுவிட்டுப் போனாள். அவள் பெயரைக் கூட அகுஸ்தினார் எழுதவில்லை. நெஞ்சு கிழிந்து ரத்தம் வழிந்ததாக மட்டும் எழுதுகிறார். அப்படியும் திருந்தினாரா? இல்லை. இரண்டு வருஷம் பொறுக்காமல் வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்.

தாய்ப்பாசம் என்ற பெயரில் இன்னொரு தாயை, ஒரு பிள்ளையிடமிருந்து பிரித்த கதை இது. அந்தக் காலத்துச் சமூகத்தில் இது சாதாரணம் என்று அறிஞர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். அதெயோதாத்துஸுக்கு அப்போது 13 வயசு இருக்கும். அவனுக்கு அது சாதாரணமாய் இருந்திருக்காது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவனுக்கு இருந்த ஒரே பெண் உறவு பாட்டிதான்.

பண்ணை வீட்டு விடுதி

திட்டம் போட்டபடி எதுவும் நடக்கவில்லை. 386 ஆகஸ்டில், மிலானில் ஒரு தோட்டத்தில் அழுது புலம்பிய அகுஸ்தின், மனம் மாறி எழுந்தார். கல்யாணமே வேண்டாம், பதவியும் வேண்டாம், இறைவனுக்கே வாழ்க்கை என்றார். உள்ளே போய் முதலில் அம்மாவிடம்தான் சொன்னார். இந்த மகன் வழியாகப் பேரப்பிள்ளைகள் வேண்டும் என்ற ஆசையை அந்தக் கணமே விட்டு, அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடைத்ததென்று அம்மா கொண்டாடினார். தான் பேசிய சம்பந்தம் முறிந்ததே என்று ஒரு வார்த்தை இல்லை. குடிகாரி என்ற வசவைக் கேட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்த அதே பெண்தான்!

அந்த இலையுதிர்காலத்தில் எல்லோரும் வெரெக்குந்துஸ் என்ற நண்பரின் கிராமத்துப் பண்ணை வீட்டுக்குப் போனார்கள். இடம் கசிசியாக்கும். அகுஸ்தின், நவிஜியுஸ், இரண்டு மாணவர்கள், உறவுக்காரர்கள், எல்லோரிலும் இளையவன் அதெயோதாத்துஸ், நடுவில் மோனிக்கம்மாள். நம் விடுதி மாதிரியே இருந்திருக்கும் போல! பேச்சு மும்முரமாய்ப் போய்க்கொண்டிருக்கும்போது சாப்பிட வாங்க என்று அம்மா விடாமல் கூப்பிட்டதும் எழுதப்பட்டிருக்கிறது. லிசென்சியுஸ் என்ற மாணவன் கழிப்பறையில் உட்கார்ந்துகொண்டு சத்தமாய்த் திருப்பாடல் பாடினான். மோனிக்கம்மாள் அவனைப் பிடி பிடியென்று பிடித்தார். விடுதிக் காப்பாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நண்பர்கள் யாரென்று பெயர் சொல்லமாட்டேன்.

நவம்பர் 13, அகுஸ்தின் பிறந்தநாள். மகிழ்ச்சி என்றால் என்ன என்று மூன்று நாள் கலந்துரையாடல். சொன்னதையெல்லாம் சுருக்கெழுத்தாளர் எழுதிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் தத்துவம் படிக்காத இந்த அம்மாவும் பேசினார். உயிருக்கு உணவு எது என்று கேள்வி வந்தபோது, அறிவுதான் என்று அவர் சொன்னார். விரும்பியது கிடைத்தவன் மகிழ்ச்சியானவனா என்று கேட்டபோது, நல்லதை விரும்பி அது கிடைத்தால் ஆமாம், கெட்டதை விரும்பினால் கிடைத்தாலும் துன்பம்தான் என்று பட்டென்று சொன்னார். சிசெரோ எழுதிய கருத்தும் அதுவே என்று மகன் வியந்துபோனார். கடைசி நாள் முடிவில் அம்புரோஸ் பாடல் ஒன்றின் அடியைச் சொல்லி முடித்துவைத்தவரும் அவர்தான்.

இன்னொரு நாள், எதுவரைக்கும் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். அந்தக் கேள்வியையும் பதிவு செய்யச் சொன்னார் மகன். பெண்களை இந்த மாதிரிப் புத்தகத்தில் சேர்த்து நான் கேள்விப்பட்டதே இல்லையே என்று அம்மா கூச்சப்பட்டார். பெண்களும் தத்துவம் பேசியிருக்கிறார்கள், உங்கள் தத்துவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்றார் மகன். பாட்டியும் பேரனும் ஒரே வகுப்பில்! எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த காட்சி இதுதான்.

387 ஏப்ரல் 24 இரவு, பாஸ்கு திருவிழிப்பில், அகுஸ்தினுக்கும் 15 வயது அதெயோதாத்துஸுக்கும் ஆயர் அம்புரோஸ் ஞானஸ்நானம் கொடுத்தார். கனவில் கண்ட அளவுகோலின் மேல் மகனும் வந்து நின்றாயிற்று, பேரனையும் கூட்டிக்கொண்டு.

ஒஸ்தியாவில் ஒன்பது நாள்

இனி ஊர் திரும்ப வேண்டியதுதான். ரோமின் துறைமுகமான ஒஸ்தியாவில் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். தோட்டத்தைப் பார்த்த ஒரு ஜன்னலில் சாய்ந்துகொண்டு அம்மாவும் மகனும் மறுவாழ்வைப் பற்றி நீண்ட நேரம் பேசினார்கள். ஒருவரிடமிருந்து ஒருவர் ஓடியும் துரத்தியும் வாழ்ந்த இருவர், முதல்முறையாக ஒரே திசையைப் பார்த்துப் பேசினார்கள். இனி எனக்கு இங்கே என்ன வேலை என்று தெரியவில்லை, ஆசைப்பட்டது நிறைவேறிவிட்டது என்றார் அம்மா.

ஐந்து நாள் போலக் கழித்துக் காய்ச்சல். கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே தனக்கும் இடம் தயார் செய்து வைத்திருந்தவர் அவர். கடல் கடந்து போனவள், திரும்பி வந்து கணவரோடு ஒரே மண்ணில் சேர்ந்தாள் என்று ஊர் பேசவேண்டும் என்பது பல வருஷத்து ஆசை. சொந்த ஊரில் கண்மூடினால் நல்லது என்று நவிஜியுஸ் சொன்னபோது, அம்மா அவரைக் கடிந்த பார்வை பார்த்தார். இந்த உடம்பை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், எங்கே இருந்தாலும் ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்றார். ஊரும் வேண்டாம், கல்லறையும் வேண்டாம். கடைசிப் பிடியையும் விட்டுவிட்டார்.

ஒன்பதாம் நாள் உயிர் பிரிந்தது. அவருக்கு அது 56ஆம் வயது. மகனுக்கு வயது 32, இன்றைய என் வயசுக்குப் பக்கம்.

கண்களை மூடிவைத்த மகன் அழவில்லை. விசுவாசி அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டார். வாய்விட்டுக் கதறியது பேரன் அதெயோதாத்துஸ்தான். சுற்றியிருந்தவர்கள் அவனை அடக்கினார்கள். எவோதியுஸ் என்ற நண்பர் திருப்பாடல் எடுத்துப் பாடினார். அடக்கமும் முடிந்தது. மகன் தூங்கி எழுந்தார். தனியே படுத்திருந்தபோது அம்புரோஸ் பாடல் ஒன்று நினைவுக்கு வந்தது. பண்ணை வீட்டில் அம்மா சொல்லி முடித்த அதே பாடல். அப்போதுதான் அடைத்து வைத்திருந்த கண்ணீர் உடைந்தது. எத்தனையோ வருஷம் எனக்காக அழுதவளுக்கு நான் கொஞ்ச நேரம் அழுததைக் குற்றம் என்று யாரும் சொல்லவேண்டாம் என்று எழுதுகிறார்.

அதெயோதாத்துஸ் ஆப்பிரிக்கா திரும்பிய சில வருஷங்களில் இளம் வயதிலேயே இறந்துபோனான். அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதாக அமைந்த ஒரு நூலில், மகன் பேசுவதாக வருகிற கருத்துகள் உண்மையிலேயே 16 வயதில் அவன் சொன்னவை என்று அப்பா பின்னால் எழுதிவைத்தார். மோனிக்கம்மாளின் மகள் விதவையானபின் கன்னியர் இல்லத்துத் தலைவியானார். பேரன் ஒருவன் பாட்டனார் பெயரான பத்ரீசியுஸ் என்ற பெயரோடு இப்போ நகரத் திருச்சபையில் பணி செய்தான்.

கம்பம் நட்ட பையன்கள்

எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள் என்றவரின் எலும்புகளை 1430இல் ஒஸ்தியாவிலிருந்து ரோமுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது புனித அகுஸ்தினார் பெயரிலுள்ள கோயிலில் இருக்கின்றன. 1945இல் ஒஸ்தியாவில் இரண்டு பையன்கள் விளையாட்டுக் கம்பம் நடக் குழி தோண்டினார்கள். ஓர் உடைந்த சலவைக்கல் கிடைத்தது. பார்த்தால், மோனிக்கம்மாளின் பழைய கல்லறைக் கல்வெட்டின் ஒரு துண்டு! பழைய ஏட்டுப் பிரதிகளில் மட்டும் இருந்த வரிகள் கல்லிலேயே கிடைத்துவிட்டன. அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டும் தொழிலில் இருக்கும் எனக்கு இந்தச் செய்தி தனி மகிழ்ச்சி.

முடிவாக, என் பொய்

நூலகத்தில் அந்தத் துறைமுகப் பக்கத்தைப் படித்து நாலு மாசத்தில் நானும் அதையே செய்தேன். அப்பா இறந்து எட்டு மாசம்தான் ஆகியிருந்தது. வளைகுடாவில் வேலை கிடைத்தது. சொன்னால் அம்மா அழுவாங்க, நான் போகமுடியாது. மும்பையில் மூணு மாசப் பயிற்சி என்று சொல்லிவிட்டுக் கிளம்பி, ஷார்ஜாவில் இறங்கிய பிறகுதான் போன் செய்தேன். அம்மா கோபப்படவில்லை. பக்கத்தில் கோயில் இருக்கிறதா, ஞாயிறு பூசைக்குப் போகமுடியுமா என்று மட்டும் கேட்டாங்க. மும்பை முகவரி கிடைத்ததும் அனுப்பலாமென்று எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப் பொடியும் டப்பாவில் கட்டி வைத்திருந்தாங்க என்று சித்தி ரொம்ப நாள் கழித்துச் சொன்னார்கள். அந்தப் பொய்யைப் பற்றி இன்றுவரை நானும் பேசவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. என் பிள்ளைக்கு இப்போது ஜெபமாலை சொல்லிக்கொடுப்பது அவங்கதான்.

அகுஸ்தினார் தன் பொய்யை எழுதியது, அம்மா இறந்து பத்து வருஷத்துக்குப் பிறகு. உலகமே படித்தது, படிக்கவேண்டிய ஒருவர் தவிர. என் அம்மா இருக்காங்க. அந்த ஒரு விஷயத்தில் நான் அந்தப் பெரிய மகானைவிடக் கொடுத்துவைத்தவன்.

தம்பி தங்கைகளே, போகவேண்டிய இடத்துக்குப் போங்கள். அம்மாக்கள் தாங்குவார்கள், நாம் நினைப்பதைவிட அதிகமாகவே தாங்குவார்கள். சொல்லிவிட்டுப் போங்கள், அவ்வளவுதான்.

ஒன்றுகூடல் ஞாயிற்றுக்கிழமை. நான் வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போகிறேன். இந்தக் கட்டுரையை முதலில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் உங்களையெல்லாம் பார்க்க வருவேன்.